யார் கணக்கு செல்லும்?

2022 டிசம்பர் 9ஆம் தேதி நள்ளிரவு வாக்கில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. விழுந்த மரங்களையும் கவிழ்ந்த படகுகளையும் மறுநாள் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அந்தப் புயலின் கணக்கில் சேராத ஒரு சேதம் எனக்குத் தெரியும். அந்தக் கரையில் ஒரு ஸ்டோர் கீப்பருடைய சம்பளத்தில் இரண்டு மாதம் பணம் பிடித்தார்கள். அதற்குக் காரணம் புயல் இல்லை. நான் எழுதிய ஒரு செட்டிங்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சில விடுதிகள் நடத்தும் நிறுவனம் அது. பெயர் வேண்டாம். தலைமை அலுவலகம் சென்னையில், டேட்டாபேஸ் கிளவுடில். ஆனால் ஒவ்வொரு விடுதியிலும் ஒரு சர்வர் உண்டு. இணையம் போனாலும் பில் போட வேண்டுமே! மாமல்லபுரம் பக்கத்து விடுதியில் அந்தச் சர்வர் ரிசப்ஷனுக்குப் பின்னால், பழைய திரைச்சீலையும் துடைப்பமும் போட்டு வைத்த அறையில் இருந்தது. உப்புக் காற்றில் அதன் பின்பக்கத் திருகெல்லாம் துருவேறிவிட்டது. அதையும் கிளவுடையும் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒத்திசைய வைப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. இங்கே மாறியது அங்கே போக வேண்டும், அங்கே மாறியது இங்கே வர வேண்டும்.

ஒரே வரி இரண்டு பக்கமும் மாறியிருந்தால்? அதற்கு ஒரு செட்டிங். அதில் இரண்டே தேர்வு: மையம் வெல்லும், அல்லது கிளை வெல்லும். நான் 'மையம் வெல்லும்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு நொடி ஆகியிருக்கும். யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. நாற்பது பக்க வடிவமைப்பு ஆவணத்தில் அது ஒற்றை வரி.

புயலில் மின்சாரமும் இணையமும் போயின. ஜெனரேட்டர் டீசல் ரிசப்ஷனுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும்தான் போதுமானதாக இருந்தது. சர்வர் ரிசப்ஷன் லைனில் இருந்ததால் ஓடியது. குளிர் அறை ஓடவில்லை. மீன், கோழி, பால் எல்லாம் கெட்டுப்போய்க் கொட்ட வேண்டியதாயிற்று. வீட்டுக்குப் போக முடியாமல் தங்கிவிட்ட ஊழியர்களுக்கு அரிசியும் பருப்பும் எடுத்துச் சமைத்தார்கள். ஸ்டோர் கீப்பர் ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் கையிருப்பிலிருந்து கழித்தார். பழக்கதோஷத்தில் ஒரு நோட்டிலும் எழுதி வைத்தார்.

அதே நாட்களில் சென்னையில் உட்கார்ந்திருந்த ஒருவர், புத்தாண்டு சீசனுக்காக அதே பொருட்களின் விலையைத் திருத்தினார். அவருக்கு மின்சாரம் இருந்தது. அந்தப் பழைய மென்பொருளில் விலையும் கையிருப்பும் ஒரே வரியில் இருந்தன. நான்காம் நாள் இணையம் வந்தது. சென்னைக்காரர் தொட்டது விலையை மட்டும்தான். ஆனால் ஒத்திசைவு வரியை வரியாகத்தான் பார்க்கும். முழு வரியும் மையத்திலிருந்து இறங்கி, விடுதியின் வரிமேல் உட்கார்ந்தது. கொட்டப்பட்ட மீனெல்லாம் கணக்கில் உயிரோடு திரும்பி வந்தது.

டிசம்பர் கடைசியில் இருப்பு எடுத்தார்கள். குறைவு. குறைவுக்கு யார் பொறுப்பு? ஸ்டோர் கீப்பர்.

பிப்ரவரியில் வேறு வேலையாகப் போனபோது அவர் என்னிடம் சொன்னார். ஐம்பது வயதைத் தாண்டியவர், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"நான் போட்டேன் தம்பி. என் கையால ஒண்ணொண்ணா போட்டேன். எங்க போச்சு?"

"நோட்டைக் காட்டலியாண்ணே?"

"காட்டினேன். நோட்டுல யாரு வேணா எழுதலாம், சிஸ்டத்துல இல்லியேன்னுட்டாங்க."

சர்வரில் அந்த நாளின் ஒத்திசைவுக் குறிப்பைத் திறந்து பார்த்தேன். முரண்கள்: 61. தீர்க்கப்பட்டவை: 61. பிழைகள்: 0. அறுபத்தொரு வரிகளில் முன்பு என்ன இருந்தது என்று எங்கும் இல்லை. உள்ளூர் பேக்கப் ஏழு நாளுக்கு மேல் தங்காது. அதையும் நான்தான் அப்படி வைத்திருந்தேன், டிஸ்க் நிறைந்துவிடக் கூடாது என்று. நடந்திருக்கக்கூடியதை விளக்கித் தலைமை அலுவலகத்துக்கு நீண்ட மெயில் எழுதினேன். பிடித்தத்தை நிறுத்தினார்கள். பிடித்ததைத் திருப்பித் தரவில்லை.

என் சண்டை அந்த 'தீர்க்கப்பட்டவை' என்ற சொல்லோடுதான்.

*

எங்கள் தொழிலில் இதற்கு 'முரண் தீர்வு' என்று பெயர். இரண்டு பேர் ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். விசாரிக்காமல், ஒருவர் சொன்னதைக் கிழித்துப் போட்டுவிட்டு, தகராறு முடிந்தது என்று எழுதுகிறோம். ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவர் இப்படிச் செய்தால் அவரை என்ன சொல்வோம்? நாங்கள் செய்தால் அது பொறியியல்.

இது ஏதோ ஒரு மூலையில் இருக்கிற கருவியின் குறை என்று நினைக்க வேண்டாம். நான் அன்று பயன்படுத்தியது வேறு ஒரு பழைய பிரதியாக்கக் கருவி. ஆனால் மைக்ரோசாஃப்ட் அசூரின் 'எஸ்க்யூஎல் டேட்டா சிங்க்' சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் சர்வரையும் கிளவுடையும் இணைக்கவென்றே வந்தது. அதிலும் முரணுக்கு இரண்டே தேர்வுதான்: மையம் வெல்லும், உறுப்பு வெல்லும். 2027 செப்டம்பர் 30உடன் அதை நிறுத்துவதாக அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது. சேவை போகும், வேறு சேவை வரும். தேர்வுப் பெட்டி அடுத்ததிலும் இருக்கும், என்னைப் போல ஒருவன் இரண்டு நொடியில் அதைக் கடந்து போவான்.

இதைச் சக பொறியாளர்களிடம் சொன்னால் மூன்று பதில்கள் வரும். மூன்றையும் நானே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

முதல் பதில்: "மையம் வேண்டாம்னா, கடைசியா எழுதினவன் ஜெயிக்கட்டும். நேரத்துக்குப் பாரபட்சம் கிடையாதே." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கசாண்ட்ரா போன்ற பெரிய டேட்டாபேஸ்களே நேர முத்திரையைப் பார்த்துத்தான் முடிவு செய்கின்றன. ஆனால் யாருடைய கடிகாரம்? மூன்று நாள் வெளி உலகத் தொடர்பு இல்லாமல், நடுநடுவே மின்சாரம் போய் வந்த ஒரு சர்வரின் கடிகாரத்தை எவ்வளவு நம்பலாம்? இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. லெஸ்லி லாம்போர்ட் 1978இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அதைத்தான் சொல்கிறது: ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ள முடியாத இரண்டு இடங்களில் நடந்தவற்றுள் எது முந்தியது, எது பிந்தியது என்ற கேள்விக்கே பொருளில்லை. சென்னையின் விலைத் திருத்தமும் மாமல்லபுரத்தின் மீன் கழிப்பும் ஒன்றை ஒன்று அறியாதவை. அவற்றில் 'கடைசி' எது என்று கேட்பதே தவறு. கேட்டு, பதிலையும் வாங்கி, அதை வைத்து ஒருவர் சம்பளத்தில் கை வைப்பது அதைவிடத் தவறு.

இரண்டாம் பதில்: "இந்த உள்ளூர் சர்வரே எதுக்கு? எல்லாத்தையும் கிளவுட்ல வெச்சா முரணே வராது." வராதுதான். புயல் இரவில் பில்லும் வராது. இணைப்பு அறுந்தால் ஒன்று வேலை நிற்க வேண்டும், இல்லை இரு பக்கமும் தனித்தனியாக நடந்து முரண் வர வேண்டும். எரிக் புரூவர் 2000இல் ஊகமாகச் சொல்லி, 2002இல் கில்பர்ட்டும் லிஞ்சும் நிரூபித்த விஷயம் இது. பேசி மாற்ற முடியாது. 'சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க' என்று ரேஷன் கடையில் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இந்தத் தேற்றம் பெயர் தெரியாமலே தெரியும். மையத்தில் மட்டும் வைப்பது முரணை ஒழிப்பதில்லை. கிளையில் இருப்பவர் வாயைத் திறக்கவே விடாமல் செய்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாம் பதில் கொஞ்சம் களைப்போடு வரும்: "யாராவது ஒருத்தர் ஜெயிச்சுத்தானே ஆகணும்?"

ஆக வேண்டியதில்லை. அமேசான் பொறியாளர்கள் 2007இல் 'டைனமோ' பற்றி வெளியிட்ட கட்டுரையைப் படித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் கூடையில் போட்ட ஒரு பொருள்கூட இணைப்புக் கோளாறால் காணாமல் போகக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அதனால் முரண்படும் பிரதிகளை அழிக்காமல் வைத்திருந்து, பிறகு ஒன்றுசேர்த்தார்கள். எடுத்துவிட்ட பொருள் சில சமயம் கூடையில் திரும்பி வந்துவிடும் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பரவாயில்லை, போட்டது தொலையக் கூடாது. கவுச்டிபி ஒரு பிரதியைத் தற்காலிகமாக முன்னால் நிறுத்தினாலும் தோற்றதையும் வைத்திருக்கும், கேட்டால் எடுத்துக் கொடுக்கும். கிட்டில் இரண்டு பேர் ஒரே வரியைத் திருத்தினால் அது முடிவெடுக்க மறுத்து, இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து நம் முகத்துக்கு முன்னால் காட்டும். எங்கள் சொந்த நிரலுக்கு இந்த மரியாதையை நாங்கள் கேட்டு வாங்கியிருக்கிறோம். நான் எழுதிய ஒரு வரியை இன்னொருவர் எழுதியது சத்தமில்லாமல் விழுங்கினால் அலுவலகத்தையே ரெண்டாக்கிவிடுவேன்.

ஆக, தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. தொலைந்தால் விற்பனை போகும் என்ற இடத்தில் பிரதிகளைக் காப்பாற்றுகிறோம். தொலைந்தால் ஸ்டோர் கீப்பருடைய பணம் போகும் என்ற இடத்தில் தேர்வுப் பெட்டி வைக்கிறோம்.

*

நான் செங்கல்பட்டுக்காரன். வேலைக்குச் சிறுசேரி போக வேண்டுமானால் திருப்போரூர் வழி. சிறுசேரி சிப்காட்டில் இன்று வரிசையாக டேட்டா சென்டர்கள். மேகம் மேகம் என்கிறோமே, அது ஜன்னலில்லாத கட்டடமாகத் தரையில் நிற்பதைப் பேருந்திலிருந்தே பார்க்கலாம். அந்தப் பாதை போகிற திருப்போரூர், இதே வழக்கை இருநூற்றைம்பது வருடம் முன்பே பார்த்த ஊர்.

1763இல் ஆற்காடு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வாங்கியதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளரை வைத்து 1767 முதல் 1774 வரை சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்தார்கள். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் வைத்திருந்த விவரங்கள் ஆங்கிலத்தில் சுருக்கப்பட்டுக் கோட்டைக்குப் போயின. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகளைச் சென்னையில் உள்ள கொள்கை ஆய்வு மையம் 2001இல் நூலாக வெளியிட்டது. விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு, எந்தக் கோயிலுக்கு எந்த மானியம் என்று ஓலை விரிவாகப் பேசுகிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் அந்த விரிவு இல்லை. ஆட்சி எதை வைத்து நடந்தது? சுருக்கத்தை வைத்து. உள்ளூர் பிரதியில் இருந்த பங்காளிகள் பலருக்கு மையத்தின் அட்டவணையில் கட்டமே இல்லை. கட்டம் இல்லாதவரின் உரிமை முதலில் விவரமாகத் தொலைகிறது, பிறகு நிஜமாகவே தொலைகிறது.

உடனே ஓலைக்காரர்களைத் தியாகிகளாக்கிவிடக் கூடாது. உள்ளூர் சர்வரை ரொமான்டிக்காகப் பார்க்கிற நோய் எங்கள் துறையிலும் உண்டு. 1794இல் கலெக்டராக வந்த லயனெல் பிளேஸ், மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வருகிறாரே அதே துரை, இந்தச் சீமையின் மிராசுதாரர்களோடு வருடக் கணக்கில் மல்லுக்கட்டினார். ஊர்க் கணக்கு ஊர் எல்லோருடைய கணக்கும் இல்லை. அதை எழுதும் கை யாருடையது, படிக்கத் தெரிந்தவர் யார், எழுதியவரை எதிர்த்துக் கேட்க முடிந்தவர் யார் என்று பார்த்தால் சேரிக்காரருக்கு அங்கே இடம் எவ்வளவு இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த கர்ணம் பதவியை 1980இல் எம்ஜிஆர் அரசு ஒழித்தபோது பல ஊர்கள் நிம்மதியாக மூச்சுவிட்டன. ஆகவே 'கிளை வெல்லும்' என்று செட்டிங்கை மாற்றிவிட்டால் நியாயம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஸ்டோர் கீப்பரும் பொய்க் கணக்கு எழுதலாம். எழுதினாரா இல்லையா என்று விசாரிக்க, அவர் எழுதியது இருக்க வேண்டுமே!

நிலத்தில் கை வைத்த எவருக்கும் இது புரியும். 1979இல் தொடங்கி 1987 வரை தமிழ்நாட்டில் நில ஆவணங்களைப் புதுப்பிக்கும் யூடிஆர் திட்டம் நடந்தது. பழைய பதிவேட்டின் இடத்தில் புதிய பதிவேடு வந்தது. அப்போது தவறாக ஏறிய பெயரும் பரப்பும் திருத்தக் கேட்டு இன்றைக்கும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 'யூடிஆர் பிழை' என்ற சொல்லைத் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவர் அனிச்சையாகச் சொல்வார். ஒத்திசைவு மொழியில் சொன்னால் அது 'மையம் வெல்லும்'. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, என் வாதத்தின் உயிர் அதில்தான். யூடிஆருக்கு முந்திய பதிவேட்டைக் கொளுத்தவில்லை. எஸ்எல்ஆர் நகல் கேட்டு, கிடைத்தால், 'இங்கே என் தாத்தா பெயர் இருந்தது' என்று காட்ட முடிகிறது. நாற்பது வருடம் கழித்தும் வழக்குப் பேச முடிவது தோற்ற பிரதி எங்கோ ஒரு அலமாரியில் தூசியோடு கிடப்பதால்தான்.

காகிதத்தின் மெத்தனம் நமக்கு அந்த உபகாரத்தைச் செய்தது. என் ஒத்திசைவு மெத்தனமில்லாதது. பதினைந்து நிமிடத்தில் துடைத்து வைத்துவிட்டது.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் திருக்கழுக்குன்றம். அங்கே ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த, முதலாம் ஆதித்தனுடையது என்று அறிஞர்கள் கொள்ளும் ஒரு கல்வெட்டு உண்டு. கோயிலுக்கு ஸ்கந்தசிஷ்யன் கொடுத்த நிலத்தை, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் அப்படியே காத்தார், இப்போது நானும் காக்கிறேன் என்பது அதன் சாரம். ஆள்பவர் சோழர், முன்னால் கொடுத்தவர்கள் பல்லவர்கள். வென்றவன் கல்லில் தன் பெயரை மட்டும் வெட்டிக்கொண்டு போயிருக்கலாம். தோற்ற வம்சத்தின் பதிவுகளையும் வரிசையாகச் சொல்லி, அதன் கீழே தன் பதிவைச் சேர்த்தான். அறத்தால் என்று சொல்லமாட்டேன், பழைய உரிமையை ஏற்பது அவன் ஆட்சிக்கும் நல்லது. ஆனால் அந்தப் பதிவில் எது எதன்மேல் வந்தது என்று ஆயிரத்து நூறு வருடம் கழித்தும் என்னால் படிக்க முடிகிறது. 2022 டிசம்பர் 13இல் என்ன இருந்தது என்று 2023 பிப்ரவரியில் படிக்க முடியவில்லை.

*

எனவே என் துறைக்காரர்களிடம் கேட்பது இது. பெரிய புரட்சியெல்லாம் இல்லை.

ஒத்திசைவில் தோற்கும் வரியை அழிக்காதீர்கள். தனி அட்டவணையில் போடுங்கள்: பழைய மதிப்பு, புதிய மதிப்பு, யார் எழுதினார், எந்த இயந்திரத்தில், இணைப்பு இருந்ததா இல்லையா. டிஸ்க் நிறையும் என்பீர்கள். அறுபத்தொரு வரிக்கு எத்தனை கிலோபைட் என்று கணக்குப் போட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

கையிருப்பு, சம்பளம், பாக்கி மாதிரி மனிதருடைய பணம் சம்பந்தப்பட்ட எண்களை ஒற்றை எண்ணாக ஒத்திசைக்காதீர்கள். பத்து கிலோ வந்தது, நான்கு கிலோ கொட்டியது என்று நிகழ்வுகளாக எழுதுங்கள். நிகழ்வுகள் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும், ஒன்றை ஒன்று விழுங்காது. கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் எப்போதும் இப்படித்தான் எழுதினார்கள். அடித்து எழுதக் கூடாது என்பது கணக்கு எழுதுபவர் கற்கும் முதல் பாடம். டேட்டாபேஸ் வந்ததும் அதை நாம் மறந்தோம்.

தோற்றவருக்குத் தகவல் சொல்லுங்கள். முரண் அறுபத்தொன்று என்பது எனக்கு மட்டும், நானும் படிக்காத ஒரு கோப்பில் எழுதப்பட்டது. அது ஸ்டோர் கீப்பரின் திரையில் வந்திருக்க வேண்டும்: 'நீங்கள் போட்ட இந்தப் பதிவுகள் மாற்றப்பட்டுள்ளன. ஏற்கிறீர்களா?' இந்த ஒரு திரை போதும். அன்றைக்கே அவர் போன் போட்டிருப்பார்.

நிறுவனங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. முரண் தீராத வரியை வைத்து எவர் சம்பளத்திலும் கை வைக்காதீர்கள். 'சிஸ்டத்தில் இல்லை' என்பது ஆதாரம் இல்லை. சிஸ்டத்தில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று முடிவு செய்தவன் ஒரு சம்பளக்காரன். அவனுக்கு அன்று வேறு வேலையும் இருந்தது.

அந்த விடுதியில் இப்போது புதிய மென்பொருள். நான் போட்டதில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது ஸ்டோருக்குள் எட்டிப் பார்த்தேன். அண்ணன் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு நோட்டிலும் எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னும் நோட்டாண்ணே? அதான் ஒத்துக்க மாட்டாங்களே."

"ஒத்துக்க மாட்டாங்க தம்பி. நான் எழுதினேன்னு எனக்காவது தெரியணும்ல?"

பக்கத்தின் ஓரத்தில் ஒவ்வொரு நாளும் சமையல்காரரிடம் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தார். முன்பு அது கிடையாது. அவர் தன் சிஸ்டத்தைத் திருத்திவிட்டார். நாங்கள் இன்னும் திருத்தவில்லை.